அப்பாவுக்கு வராத வசனம்

ஒரே ஒரு சொல். ஐந்து டேக் ஆகியும் அது அப்பாவின் வாயில் வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையை மதியச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்த நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மகளின் படப்பிடிப்புக்குக் கொடுத்திருந்தார். பத்து நிமிடம் தலை வாரியதிலேயே போய்விட்டது. கடையிலேயே விலை கூடிய பிரேமை வேறு எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவள் வேதியியல் மாணவி. சினிமா வெறும் துணைப்பாடம், வாரத்துக்கு இரண்டே வகுப்பு. அதற்கே கல்லூரிக் கேமராவைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்று வீட்டில் தினமும் கேலி நடக்கும்.

பயிற்சி சின்னதுதான். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரே ஷாட். கேள்வியை அவளே எழுதினாள்.

“அப்பா, கெமிஸ்ட்ரிய விட்டுட்டு சினிமாவையே படிக்கட்டுமா?”

பதிலையும் அவளேதான் எழுதினாள். ‘முடியாது.’

துறை மாறுவதற்கான படிவம் பைக்குள் மடித்துக் கிடந்தது. நாளைக்குக் கடைசி நாள். அப்பாவின் கையெழுத்து வேண்டும். நிஜமாகக் கேட்க நாக்கு எழவில்லை. நடிப்பாக ஒரு தடவை காதில் வாங்கிவிட்டால் அப்புறம் அவ்வளவு வலிக்காது என்று நினைத்திருந்தாள்.

அவரோ முதல் டேக்கில் “சரிம்மா” என்றார்.

இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நன்றாகத்தான் ஆரம்பித்தார். வாயைத் திறந்ததும் “உன் இஷ்டம்” என்று வந்தது. நான்காவதில் சரி என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். ஐந்தாவதில் மறுபடியும் சரிம்மா.

கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை ‘அசையாதீங்க, கீழ் வரியைப் படிங்க’ என்று நாள் முழுக்க அதட்டுகிற மனிதர்!

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பொய்க்குச் சொல்கிற ‘சரி’தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் மனசு துள்ளித் தொலைத்தது.

ஆறாவது டேக்.

“சரிம்மா.”

“அப்பா! முடியாதுன்னு சொல்லணும்ப்பா!” அவள் குரல் உடைந்துவிட்டது.

அவர் எழுந்து வந்தார். கேமராவுக்கு முன்னால் குனிந்து, லென்ஸ் மேல் இருந்த கறுப்பு மூடியை இரண்டு விரலால் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஆறு டேக்கிலும் அவள் கேமராவின் திரையைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூடிய மொத டேக்லயே பாத்துட்டேன். நீ படத்துக்காகக் கேக்கல, என்னைத்தான் கேக்கறேன்னு புரிஞ்சுது.”

அழுகையும் சிரிப்புமாக அவள் பையைத் திறந்து படிவத்தை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“துணைப்பாடமா படிச்சா இந்த லட்சணத்துலதான் இருக்கும். முழுசாவே படிச்சிடு.”