டிவியில் வராத ஷாட்

செத்துக் கிடந்தவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

ஷூட்டிங் வீட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சாவை எழுதியவள் அவள்.

சீரியலில் சாவதென்றால் லேசுப்பட்ட காரியமா? ஒரு வாரம் இழுக்கும். மருமகள் ஒரு நாள் அழ வேண்டும், தங்கச்சி ஒரு நாள் அழ வேண்டும், நடுவில் சொத்துப் பேச்சு வேறு வர வேண்டும். இதெல்லாம் அவளுக்கு இங்கே வந்த பிறகு தெரிந்தது.

நம்ம ஜனங்கள் சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள் என்பார் தலைமை எழுத்தாளர் தயாபரன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது யார் வந்து டிவி முன்னால் உட்காருவது? அதனால் கதவு திறந்தால்கூட யார் வருகிறார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணீர் வந்தால் ஏன் வருகிறது என்றும் சொல்ல வேண்டும்.

அவளும் பழகிக்கொண்டாள். தாலி, தகராறு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பேச்சாகவே எழுதித் தள்ளினாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இந்தக் காட்சியை மட்டும் அப்படி எழுதவில்லை.

மனைவி வருகிறாள். முகத்தை மூடிய துணியை விலக்குகிறாள். பார்க்கிறாள்.

அவ்வளவுதான். வசனமே இல்லை.

சேனல்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா? ஒப்பாரிக்கு ஒரு பக்கமாவது எழுதித் தரச் சொன்னார்கள். எதற்கும் மண்டையை ஆட்டுகிறவள் அன்றைக்கு ஆட்டவில்லை.

"அவ பார்க்கட்டும் சார். கொஞ்ச நேரம் பார்க்கட்டும்."

தயாபரன்தான் போனில் யார் யாரிடமோ பேசி, அப்படியே இருக்கட்டும் என்று முடித்து வைத்தார். அவருக்கு விஷயம் தெரியும்.

கொரோனாவில் போனான் அவள் புருஷன் பூவரசன். ஆஸ்பத்திரிக்குள் தன் காலால் நடந்து போனவனைப் பொட்டலமாகக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அவளைச் சுடுகாட்டு கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். முகத்தை ஒரு தடவை காட்டுங்கள் என்று கெஞ்சினாள். காது கொடுத்துக் கேட்க நாதியில்லை.

கடைசியில் அவன் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அது மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது.

ஆக்‌ஷன் சொன்னார்கள்.

நடிகை துணியை விலக்கினாள். பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

ஒரே டேக்கில் ஓகே ஆனது.

ஆனால் பிணமாக நடித்தவரை அப்படியே எழுப்பி அனுப்பிவிட மாட்டார்கள். கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள். சாவு நடிப்போடு போகட்டும், ஆளோடு ஒட்ட வேண்டாம் என்பதற்காக. அந்த ஷாட் டிவியில் வராது. யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதும் இல்லை.

பெஞ்சில் கிடந்த மாசிலாமணி சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியதே தவிர சிரிப்பு வரவில்லை. எத்தனையோ சீரியலில் செத்துப் பிழைத்த மனுஷர், பாவம். அந்தப் பொண்ணு பார்த்த பார்வையில் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார்.

டைரக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கொன்னது நீதானேம்மா. நீயே சிரிக்க வை."

விளையாட்டாகத்தான் சொன்னார்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். என்னத்தைச் சொல்ல? ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை. பூவரசன்தான் வந்தான்.

எங்க வீட்டுக்காரர் இருந்தாரே, என்று ஆரம்பித்தாள். சீரியல் ஓடும்போது பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விடுவார். தூங்குறீங்களா என்றால் ஒத்துக்கொள்ளவே மாட்டார். அப்போ கதை என்ன, சொல்லுங்க பார்ப்போம் என்று மடக்குவேன். கண்ணைத் திறக்காமலே பதில் வரும்.

"அந்தம்மா அழுவுது."

ஒரு நாளும் அவர் சொன்னது தப்பானதில்லை.

மாசிலாமணிக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. மூக்கில் வைத்த பஞ்சு தெறித்தது. தாடைக்கட்டு நழுவ, மாலைக்கு நடுவில் முகம் முழுக்கச் சிரித்தார். யூனிட்டே சேர்ந்து சிரித்தது.

அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூசணிக்காய் உடைத்தார்கள். மாசிலாமணி எழுந்து உட்கார்ந்து மாலையைக் கழற்றினார். டீ வந்தது. லைட்டுகளை அணைக்கத் தொடங்கினார்கள். அவள் மண்டியிட்ட இடத்தைவிட்டு அசையவில்லை.

"சார், இன்னும் ஒரு தடவை எடுக்கலாமா?"

டைரக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் பார்க்கப் போகாத ஷாட்டுக்கு எதற்கு இரண்டாவது டேக்? அதுவும், சிரித்து எழுந்தவர் மறுபடி அதே பெஞ்சில் படுப்பதாவது. ஆகவே ஆகாது. இந்த விஷயத்தில் மாசிலாமணிக்கு எல்லாரையும்விடப் பயம் அதிகம். பிண வேஷம் போட்ட அன்றைக்கு வீட்டு வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே போகிறவர்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

கழற்றிய மாலையை எடுத்து மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார். படுத்தார். வெள்ளைத் துணியை இழுத்துத் தானே முகத்தை மூடிக்கொண்டார்.

துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"துணியை நீ எடும்மா."