பெண் வீட்டுச் சாட்சி

நீதிபதி இன்னும் வரவில்லை. நான் மறுபடியும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"உக்காருக்கா. கல்யாணம் எனக்கா, உனக்கா?" என்றாள் என் தங்கை லினெட்.

எங்கே உட்காருவது? கல்யாணம் முடிந்தால்தான் ரஸல் தன் கார் தொழிற்சாலையில் சொல்லி அவளைக் காப்பீட்டில் சேர்க்க முடியும். சேர்த்தால்தான் புற்றுநோய்க்கு மருந்தை ஆரம்பிப்பார்கள்.

அந்தக் காப்பீட்டில் மனைவிக்கு இடம் உண்டு. மற்ற உறவுகளுக்குக் கிடையாது. கேட்டுப் பார்த்துவிட்டோம்.

தனியாக வாங்கலாம் என்றால் இனி ஜனவரிவரை பொறுக்க வேண்டும். அவள் மார்பில் இருக்கும் கட்டி அதுவரை பொறுக்காது.

யோசனை சொன்னது நான்தான். ரஸல் சரி என்று சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

இப்போதும் டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக நடைவழியில் அலைந்துகொண்டிருந்தான். கடைசி நேரத்தில் கையை விரித்துவிடுவானோ என்று அவன்மேலேயே கண்ணாக இருந்தேன்.

லினெட் மட்டும் என் நீலக் கவுனில், மிட்டாயை மென்றபடி, அக்கடா என்று உட்கார்ந்திருந்தாள். பயந்தால் அவள் இப்படித்தான்.

ஒருவழியாக நீதிபதி வந்தார். மிச்சிகனில் சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். பெண் வீட்டுக்கு நான். இன்னொருவருக்கு வாசல் காவலரைப் பிடித்துக்கொண்டோம்.

"நோயிலும் நலத்திலும்" என்ற இடத்தில் ரஸல் நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் முறைத்தேன். திரும்பிக்கொண்டு சொல்லி முடித்தான்.

மோதிரம் லினெட்டுக்குப் பெரிது. வீட்டிலேயே உள்ளே நூல் சுற்றிக் கொடுத்திருந்தேன். விரலில் நின்றது.

கையெழுத்துப் போட்டேன். என் தங்கைக்கு மருந்து உண்டு. நிம்மதி வந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது.

நீதிபதி நல்ல மனிதர். குனிந்து என் தோளைத் தட்டினார்.

"அழாதம்மா. தங்கச்சிக்குத் தங்கமான மாப்பிள்ளை. நீயும் இதே மாதிரி ஒருத்தரைப் பாத்துக் கட்டிக்க."

"பாக்கலாங்க" என்றேன்.

ரஸல் தலையைக் குனிந்துகொண்டான்.

போன மாதம் இதே கட்டிடத்தின் மாடியில் எனக்கும் அவனுக்கும் விவாகரத்து கொடுத்தது வேறொரு நீதிபதி.