மீசையையும்

யாருக்கும் எதற்கும் அவசரமில்லை என்பதற்காகவே சென்னையை விட்டு இந்தத் தீவுக்குக் குடிவந்தவன் இளங்குமரன். காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. அடுத்த கப்பல் வெள்ளிக்கிழமைதான் என்றார்கள் துறைமுகத்தில். நேரே சலூனுக்குப் போய் மொட்டை போடச் சொன்னான்.

"இந்த வெயிலுக்கு அதான் சார் சுகம். இப்பதான் எங்க ஆளா ஆயிருக்கீங்க," என்று சிரித்தபடி மழித்தார் சலூன்காரர். முடித்துத் துண்டை உதறப் போனவரிடம், "மீசையையும்," என்றான்.

அவருடைய சிரிப்பு நின்றது. "அப்பாவா?"

தலையசைத்தான்.

"கொள்ளி யாரு வைக்கிறது?"

"பக்கத்து வீட்டுக்காரர்."

சலூன்காரர் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். "எங்கப்பாவுக்கு நானே இதுல பாத்துத்தான் எடுத்துக்கிட்டேன். நீங்க பாக்காதீங்க சார்."