சிவனாண்டி வீட்டுச் சடங்கு

மகளுக்குச் சடங்கு என்று தொழிற்சங்கத் தலைவர் சிவனாண்டி சொன்னதால்தான், தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை வெளியாட்களை உள்ளே விட்டார்.

பதுளை நகரில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத அரசாங்க அதிகாரியும் பத்திரிகை நிருபரும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிட்டார்கள்.

"தண்ணி ஏன் இப்படிக் கலங்கலா இருக்கு?" என்றார் அதிகாரி.

"நாங்க தினமும் குடிக்கிறதுதாங்க," என்றார் சிவனாண்டி.

"குழாய் போட்டாச்சுன்னு அறிக்கை விட்டீங்களே ஐயா?" என்று நிருபர் கிண்டினார்.

"சாப்பிடுற எடத்துல பேசுறத எழுதிப்புடாதீங்க!" என்ற அதிகாரி எழுந்தார். "தலைவரே, பொண்ணக் கூப்பிடுங்க. ஆசீர்வாதம் பண்ணிட்டுக் கெளம்புறோம்."

சிவனாண்டி நிமிர்ந்து நின்றார்.

"அது போன வருஷமே இந்தத் தண்ணியக் குடிச்சுப் பேதியாகிச் செத்துப்போச்சுங்க. மனுப் போட்டேன், நீங்க வரல. சடங்குன்னதும் வந்துட்டீங்க. ரெண்டு பேரும் எழுதிக்குங்க."