மேசைக்கு ஒரு நீலம்

“டீச்சர், சுறா என் நீலத்தைப் புடுங்கிக்கிச்சு. கேட்டா முறைக்குது.”

நண்டு எழுந்து நின்று புகார் சொன்னது. நிஜ நண்டு இல்லை. வந்தவுடன் ஆளுக்கொரு கடல் பிராணியின் படத்தைக் கையில் கொடுத்து, இன்றைக்கு உங்கள் பெயர் இதுதான் என்று டீச்சர் அறிவித்திருந்தாள். அத்தனை பெயர்களை ஒரே காலையில் மனப்பாடம் செய்ய அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மேசைக்கு ஒரே ஒரு நீல க்ரேயான்தான் வைத்திருந்தாள். பஞ்சத்தால் அல்ல, பகிர்ந்துகொள்ளும் பழக்கம் வரும் என்றுதான். யோசிக்கும்போது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கடல் என்றால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நீலத்தைத்தான் தேடுவார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

ஒன்றாம் வகுப்பு அறை. குட்டை பெஞ்சுகளில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை வேறு. லீவு நாளில் இழுத்து வந்த கடுப்பு ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

கதவோரம் நாற்காலி போட்டுக் கல்வி அதிகாரி அம்மாள் உட்கார்ந்திருந்தார். டீச்சருடைய வேலை இன்னும் தற்காலிகம்தான். யாருக்காவது பிரசவம் என்றால் ஒரு பள்ளி, யாருக்காவது கால் உடைந்தால் இன்னொரு பள்ளி. அதிகாரி காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“எல்லாரும் படத்தை முடிக்கணும். ஒருத்தரும் பாதியில நழுவக் கூடாது. நீங்க குரலை உசத்தவும் கூடாது. நடத்திக் காட்டிட்டா உங்க வேலை நிரந்தரம். இல்லேன்னா, அடுத்த கால் எங்க உடையுதுன்னு பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.”

சென்ற முறை வேறொருவர் நடத்திய வகுப்பில், தண்ணீர் குடிக்கப் போன பாதிப் பேர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

ஆமை, பக்கத்திலிருந்த ஆக்டோபஸ் காப்பியடித்துவிடக் கூடாதென்று முழங்கையால் படத்தை மறைத்துக்கொண்டது. அதில் தன் படமே தனக்குத் தெரியாமல் கோட்டைத் தாண்டி இழுத்தது. ஆக்டோபஸ் எப்படியோ எட்டிப் பார்த்து, அதே தப்பை அதே இடத்தில் செய்தது. கடல்குதிரை வயிறு சரியில்லை என்று வெளியே போகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தலை சரியில்லை என்று கேட்டது. ஜெல்லி மீன் மடியில் ஒளித்து வைத்த பிஸ்கட்டைக் கடித்தால் சத்தம் வரும் என்று ஒவ்வொன்றாக வாயில் ஊற வைத்தது. திமிங்கிலம் படத்தின் மேலேயே தூங்கிப்போனது. தட்டி எழுப்பியபோது தாளில் வால் இல்லை. கன்னத்தில் இருந்தது.

இதற்கெல்லாம் டீச்சர் அசரவில்லை. ஆனால் நண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டது.

“நீலம் இல்லாம நான் கலர் அடிக்க மாட்டேன். நான் போறேன்.”

ஒன்று போனால் மந்தையே போய்விடும். கடல்குதிரை ஏற்கெனவே செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டது. டீச்சருக்குத் தொண்டை வரைக்கும் ஓர் அதட்டல் வந்தது. கதவோரத்து நாற்காலியைப் பார்த்தாள். விழுங்கினாள். நண்டின் பக்கத்தில் போய் இடித்துப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, டப்பாவிலிருந்து ஊதாவை எடுத்தாள்.

“சாயங்காலம் கடலைப் பாத்திருக்கீங்களா?”

நண்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

“சூரியன் இறங்கினதுக்கப்புறம் கொஞ்ச நேரம் இந்தக் கலர்லதான் இருக்கும். ஆழத்துல அழுத்தி அடிக்கணும். கரைக்கிட்ட லேசா.”

நண்டு வேண்டா வெறுப்பாக ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தது. பிறகு இன்னொன்று. பை தானாகத் தோளிலிருந்து இறங்கியது. சற்று நேரத்தில் சுறா, தன் நீலத்தையும் நண்டின் ஊதாவையும் மாறி மாறிப் பார்த்தது.

“எனக்கும் கொஞ்சம் குடேன்.”

“கெஞ்சிக் கேளு.”

சுறா கெஞ்சியது. ஊதா கைமாறியது. நீலம் யாரும் சீந்தாமல் மேசை நடுவில் கிடந்தது.

அதன் பிறகு அறையில் க்ரேயான் உரசும் சத்தம் மட்டும்தான். பச்சைக் கடல் வந்தது, ஆரஞ்சுக் கடல் வந்தது. கடல்குதிரைக்கு வயிறும் தலையும் சேர்ந்தாற்போல் குணமாகிவிட்டன. டீச்சர் மேசை மேசையாகப் போய், உங்கள் பிராணி என்ன சாப்பிடும் என்று விசாரித்தாள். சுறா, வகுப்பில் பாதிப் பேரைச் சொன்னது.

ஒருவரும் நழுவவில்லை. எல்லாப் படங்களையும் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டபோது, தன்னுடையது நடுவில் வரவேண்டும் என்று ஒரு தள்ளுமுள்ளு நடந்தது. அவ்வளவுதான்.

அதிகாரி அம்மாள் எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“திங்கக்கிழமை வந்து ஆர்டர் வாங்கிக்கங்கம்மா. வேலை நிரந்தரம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பயிற்சிக்கு வந்த இத்தனை தலைமையாசிரியர்களையும் அச்சு அசலா ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களாவே நடிக்க வெச்சிட்டீங்களே, எப்படி?”

டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“நடிக்கிறதெல்லாம் டீக்கு அப்புறம்தான் மேடம். அதை நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லவே இல்லை.”