திருடன் பலா

"'திருடன் பலா'வா? இந்தப் பேரை எப்படிம்மா அரசாங்கத்தோட பலா ரகப் பதிவேட்டில எழுதறது?"

தோட்டக்கலை அதிகாரி பேனாவை மூடி, மடியிலிருந்த கோப்பின்மேல் வைத்துவிட்டார்.

வீட்டுக்காரம்மா அசரவில்லை. "மரத்தை ஒரு தடவை நல்லாப் பாருங்க சார். அப்புறம் சொல்லுங்க."

அண்ணாந்து பார்த்தார். மூன்று பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். வேரிலிருந்து உச்சி வரை கொத்துக் கொத்தாகப் பழங்கள். என்ன மரம்!

"இந்த வீட்டை வாங்கின புதுசுல இதை வெட்டறதாத்தான் இருந்தோம். கொட்டை போட்டு முளைச்ச மரம், வெறும் சக்கைதான் இருக்கும்னு என் கொழுந்தனார் மர வியாபாரிகிட்ட பேசியே முடிச்சுட்டார். அப்பதான் கவனிச்சேன். தோட்டத்துல நாலு பலா இருக்கு. சுவரேறி வர்ற திருடன் மத்த மூணைத் திரும்பிக்கூடப் பார்க்கல. இதுல மட்டும் கை வைக்கிறான்! அப்படி என்னதான் இருக்குன்னு ஒரு சுளையை வாயில போட்டேன். தேன் சார், தேன்!"

"அதுக்காக..."

"அவனும் லேசுப்பட்ட ஆளில்ல. பிஞ்சைத் தொட மாட்டான், கிளையை ஒடிக்க மாட்டான். பக்குவமான பழத்தை மட்டும் காம்போட அறுத்துட்டுப் போவான். அவன் வரலைன்னா இது எப்பவோ யார் வீட்டுலயோ கட்டிலாக் கிடந்திருக்கும். அந்த நாக்குக்கு ஒரு கும்பிடு போடணும் சார்!"

அவ்வளவு பெரிய நிழலில் உட்கார்ந்தும் அதிகாரிக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திருடனுக்கெல்லாம் பெருமை சேர்க்கக் கூடாதும்மா. கௌரவமா ஒரு பேர் சொல்லுங்க. இல்லைன்னா பதிவு பண்ண முடியாது."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க! கொழுந்தனாருக்கு இங்க கார் ஷெட் போடணுமாம். நாளைக்கே ரம்பத்தோட ஆள் வருது. பதிவான மரத்தை வெட்டக் கூடாதாமே, பதிவாயிடுச்சுன்னாதான் அவர் அடங்குவார்."

"அப்போ பேரை மாத்துங்க." அதிகாரி பிடித்த பிடியை விடவில்லை.

வீட்டுக்காரம்மா உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மங்கிப்போன பழைய வேளாண் கல்லூரி மாணவர் அடையாள அட்டை ஒன்றை அவருடைய கோப்பின்மேல் வைத்தாள்.

"சுவரேறிக் குதிச்சப்போ அவன் விட்டுட்டுப் போனது. இதைப் பார்த்துத்தான் உங்களையே அனுப்பச் சொல்லி மனு போட்டேன். கௌரவமான பேர்தானே வேணும்? இதுல இருக்கிற உங்க பேரையே எழுதிக்கங்க சார்!"