யாரிடமும் சொல்லக்கூடாத நம்பர்

"எல்லாரும் பேங்க் கணக்கு ஆரம்பிச்சாச்சு. உனக்கு மட்டும் என்னம்மா வந்தது?" என்று கேட்டார் பேங்க் மேனேஜரம்மா.

கேட்டது காலரக்காவை. அந்தச் சட்டைக் கம்பெனியில் அவள் தைப்பது காலர் மட்டும்தான். அதனால் அந்தப் பெயர். அடுத்த மாதத்திலிருந்து கூலி பேங்க் கணக்கில்தான் விழும், கணக்கு இல்லாதவர்களுக்கு வேலையும் இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அப்படியும் அவள் மசியவில்லை.

"கையில காசா வந்தா, வீட்டுக்குப் போற வழியிலயே பொண்ணோட ஃபீஸைக் கட்டிட்டுப் போயிடுவேன் மேடம். கார்டுன்னு ஒண்ணு வந்தா அது எங்க வீட்டுக்காரர் பையிலதான் இருக்கும்."

தையல் மெஷின்களுக்கு நடுவே லேசாகச் சிரிப்பு கிளம்பியது.

மேனேஜரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. கணக்கு, கடன், சேமிப்பு என்று பெண்களுக்காகவே தேடி வந்து கொடுத்தும், வாங்கிக்கொள்ளத் தைரியம் இல்லாதவர்களை என்ன செய்வது என்றார். சம்பாதிக்கிறவள் கையில்தான் கார்டு இருக்க வேண்டும். கார்டின் ரகசிய நம்பரை, பெற்ற தாயிடம்கூடச் சொல்லக்கூடாது. யாருக்காவது தெரிந்துவிட்டால் அப்போதே மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

"வீட்டுக்காரர் கேட்டா?"

"முடியாதுன்னு சொல்லு. வாய் எதுக்கு இருக்கு?"

பக்கத்து மெஷின்காரி குனிந்து, கோத்த ஊசிக்கே மறுபடியும் நூல் கோத்தாள்.

கண்ணால் பார்த்தால் பயம் தெளிந்துவிடும் என்று, கம்பெனி கேட்டுக்குப் பக்கத்திலிருந்த ஏ.டி.எம்.முக்கு எல்லாரையும் ஓட்டிக்கொண்டு போனார் மேனேஜரம்மா. கைப்பையிலிருந்து தன் சம்பளக் கார்டையே எடுத்துச் செருகினார்.

"பாருங்க, இதுல என்ன இருக்கு பயப்பட?"

மெஷின் நம்பர் கேட்டது.

மேனேஜரம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. கார்டை உருவிக்கொண்டார். போனை எடுத்து, கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, மெதுவாகப் பேசினார்.

"என்னங்க, காலையில கார்டைக் குடுத்தீங்க, நம்பரைச் சொல்லலையே..."

அந்தப் பக்கத்துக் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

"எதுக்கு? எவ்வளவு எடுக்கப் போறே?"

"நூறுதாங்க. இவங்களுக்குச் சொல்லிக்குடுக்க."

யாரும் சிரிக்கவில்லை. காலரக்காதான் கிட்டே வந்தாள்.

"நம்பரை மாத்தலாம்னு சொன்னீங்களே மேடம்... முதல்ல நீங்க மாத்திக் காட்டுங்க. நான் இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."